ஆள்காட்டிக் கதிரை

தயாபரியின் பெயரை ஓர் எழுத்துக்கூட ஒழுங்காகச் சொல்லாமல், ஆனால் மிகவும் அன்பாகக் கூப்பிட்டு, தாதி அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். கதவு தன்பாட்டில் சாத்திக்கொண்டது. சத்தமே வரவில்லை. கேதாரநாதனுக்கு அதுதான் முதலில் பயத்தைக் கொடுத்தது. கதவென்றால் சாத்தும்போது ஒரு சத்தம் போடவேண்டும், சாத்தியாயிற்று, இனி உனக்கு இங்கே வேலையில்லை, போய் இரு என்று மனிதனுக்குச் சொல்லவேண்டும். இது சொல்லவில்லை. ஆகையால் அவர் கொஞ்ச நேரம் கதவைப் பார்த்தபடியே நின்றார், கையில் தயாபரியின் கோட்டு, அதன் கழுத்துப் பட்டியில் அவளுடைய தேங்காயெண்ணெய் மணம். இன்னொரு தரம் படம் எடுக்கவேண்டும், அதற்குப் பிறகு டொக்டர் இரண்டு பேரையும் சேர்த்துக் கூப்பிடுவா என்று தாதி சொல்லியிருந்தாள். ஏன் இன்னொரு படம்? போன கிழமை எடுத்தது சரியாக விழவில்லையா, அல்லது மிகச் சரியாக விழுந்துவிட்டதா? ஊசி போட்டு எடுத்த துண்டுக்கு இன்றைக்கு முடிவு வருகிறது என்றுதானே கூப்பிட்டார்கள், முடிவு வந்த பிறகு படம் எதற்கு, நல்ல முடிவென்றால் ஒருவரும் படம் எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள், போங்கோ வீட்டை என்றல்லவா சொல்லியிருப்பார்கள். கேட்டிருக்கலாம். டெனிஷில் கேட்கிறதற்கு ஒரு வசனமும் தயாராக இருந்தது. தாதி சிரித்த சிரிப்பில் அது போய்விட்டது. சரி, இருப்போம் என்று பின்பக்கமாகக் கையை நீட்டிக் கதிரையைத் தேடினார், கை பட்டதும் அது என்ன கதிரை என்று கைக்குத் தெரிந்துவிட்டது.

வெஸ்டர்பி கதிரை. வேறொன்றாக இருக்கவே முடியாது, சாய்வும் இரண்டு கைகளும் ஒரே துண்டு பீச் மரம், ஆவியில் வேகவைத்து வளைத்தது, கைகளின் நுனி மேல்நோக்கிக் கொஞ்சம் கிளம்பி நிற்கும், ஒரு குருவியின் உச்சிக்கொண்டை போல. அந்த நுனியை மணல்தாளால் தேய்த்துத் தேய்த்துத்தான் கேதாரநாதன் இந்த நாட்டில் பதினெட்டு வருடம் சோறு சாப்பிட்டார். ஊரில் சரித்திர ஆசிரியர், இங்கே கதிரை தேய்ப்பவர் என்று தயாபரியின் தமையன் கனடாவிலிருந்து ஒருமுறை பகிடியாகச் சொன்னான், இவருக்குக் கோபம் வரவில்லை, ஏனென்றால் தேய்க்கிற வேலை அவருக்குப் பிடித்துத்தானிருந்தது, யோசிக்காமல் இருக்கலாம், யோசிக்கவும் செய்யலாம், இரண்டுக்கும் அது விட்டுக்கொடுக்கும். வைத்தியசாலைக்காரர்கள் துணியை மாற்றியிருக்கிறார்கள், முந்தி கறுப்பு, இப்போது ஏதோ கீரை நிறம். சுவரோரம் வரிசையாக எல்லாமே அதுதான். இத்தனை வருடம் இந்தப் பிரிவுக்கு வரவேண்டி வரவில்லை, வந்திருந்தால் தெரிந்திருக்கும். அவர் உட்கார்ந்து, கோட்டை மடியில் மடித்து வைத்துக்கொண்டு, அந்தக் கதிரைத் தொழிற்சாலையைத் தொடங்கிய எய்னர் வெஸ்டர்பியைப் பற்றி, தொழிற்சாலைச் சரித்திரப் புத்தகத்தில் படித்தபடி, நினைக்கத் தொடங்கினார். நினைக்கவேண்டும் என்று முடிவெடுத்தே நினைத்தார். வேறு ஏதாவதொன்றைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் மனம் நேரே அந்தக் கதவுக்குள் போய்விடும்.

எய்னர் வெஸ்டர்பி, யூலாந்தின் வெறும் புதர்வெளியில், மரச்செருப்புக் குடைகிறவரின் மகன். தகப்பனுக்கு இருமல். பள்ளிக்கூடம் கொஞ்சம்தான், பிறகு பக்கத்து ஊர்த் தச்சரிடம் வேலை பழக விட்டார்கள், அந்தத் தச்சர் யன்னல் செய்வார், கலப்பைக்குப் பிடி போடுவார், பிறகு, வேண்டாம், அந்தப் பக்கத்தைப் புரட்டு. யன்னலும் கலப்பைப் பிடியும் போதும். ஆனால் புரட்டினாலும் அந்தப் பக்கத்துப் படம் தெரிந்தது, தச்சுப்பட்டறை வாசலில் சாத்தி வைத்த சவப்பெட்டிகள், பக்கத்தில் தொப்பியோடு இளம் வெஸ்டர்பி. முதன்முதலாக அவர் தனியாகச் செய்து முடித்த பொருளே அதுதான், புத்தகத்தில் அதைப் பெருமையாகத்தான் எழுதியிருக்கிறது, மூலைகளின் பொருத்தம் அவ்வளவு நேர்த்தியாம். கேதாரநாதன் கோட்டைத் திருப்பி மடித்தார். உலகப் போர்க்காலம், அதற்குப் போ. போர்க்காலத்தில் தோல் கிடைக்கவில்லை, வெஸ்டர்பி சப்பாத்துக்கு மரத்தில் அடி செய்தார், ஊரே டக் டக்கென்று நடந்தது. கயிறு கிடைக்கவில்லை, காகிதத்தை முறுக்கிக் கயிறாக்கிக் கதிரை பின்னினார்கள். இல்லாத காலத்தில் சனம் என்ன செய்யும் என்பது கேதாரநாதனுக்குப் புதிதல்ல. சவர்க்காரத்துக்குப் பனம்பழமும், மண்ணெண்ணெயை மிச்சம்பிடிக்க ஜாம் போத்தல் விளக்குமாக ஊரில் சனம் ஓட்டிய கதையைத் தொழிற்சாலைச் சாப்பாட்டு மேசையில் அவர் சொன்னபோது, கூட வேலை செய்த குத்ரூன் மட்டும்தான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

குத்ரூன். அவளைப் பற்றி இப்போது நினைக்கவேண்டாம். அதற்கு முன்னால் கட்டடக்கலைஞர் வரவேண்டும். போர் முடிந்த பிறகு கொப்பன்ஹேகனிலிருந்து பாலே ஸ்கோ என்றொரு இளம் ஆள் மோட்டார் சைக்கிளில் வந்தார், முதுகில் சுருட்டிய படம். ஒற்றை வளைவில் ஒரு கதிரை. வெஸ்டர்பி படத்தைப் பார்த்து, "இது நிற்காது," என்றார். "நிற்க வையுங்கள், அதற்குத்தானே உங்களிடம் வந்தேன்," என்றார் மற்றவர். ஒரு குளிர்காலம் முழுவதும் மரம் வெடித்துக்கொண்டே இருந்தது, ஆவிப்பெட்டியிலிருந்து எடுத்து வளைக்கிற அந்த மூச்சு விடுகிற நேரத்துக்குள் நார் பிளந்துவிடும், பிளக்கிற சத்தம் பட்டறைக்கு வெளியே வீதியில் கேட்குமாம். பிறகு ஒருநாள் பிளக்கவில்லை. எப்படி என்று புத்தகத்தில் இல்லை. வெஸ்டர்பி சொல்லாமல் விட்டிருக்கலாம். பேசாத மனிதர். படங்களிலெல்லாம் வாயை இறுக்கிக்கொண்டுதான் நிற்கிறார், பல்லிடுக்கில் ஆணியை வைத்திருப்பவர் மாதிரி.

"என்னப்பா, ஸ்டீரிங்கை ஏன் இப்பிடி இறுக்கிப் பிடிக்கிறியள், அது ஓடிப்போகுமே?" என்று காலையில் காரில் தயாபரி கேட்டாள். வெளியே அறுவடை முடிந்த வயல்கள், மெல்லிய பனி, காற்றாடி மின்கம்பங்கள் பாதி மறைந்து நின்றன. "ரோட்டு வழுக்கும்," என்றார். "வழுக்கிற ரோட்டிலையே இவ்வளவு மெதுவாப் போறியள், டிராக்டர்காரன் முந்திக்கொண்டு போறான். வரேக்கை கோதுமை மா வாங்கவேணும், ஞாபகப்படுத்துங்கோ." கோதுமை மா! இவருக்கு எரிச்சல் வந்தது. நெஞ்சில் கட்டியை வைத்துக்கொண்டு மா வாங்குகிற கதை கதைக்கிறாளே. "இப்ப மா அவசரமே?" என்றார். அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இடியப்பத்துக்கு மா முடிஞ்சுது. முடிஞ்சா வாங்கத்தானே வேணும்," என்றாள். அவர் அப்படிக் கேட்டிருக்கக்கூடாது. வாங்குவம் என்று சொல்லியிருக்கவேண்டும். வரும்போது வாங்குவம். வரும்போது என்றால் எப்படி வரும்போது? அந்தக் கடையின் தானியங்கிக் கதவு திறந்து, வெளிச்சத்துக்குள் இரண்டு பேரும் வண்டிலைத் தள்ளிக்கொண்டு போகிற காட்சியை மனதில் கொண்டுவரப் பார்த்தார், தயாபரியின் முகம் மட்டும் வரவில்லை, கோட்டுத்தான் நடந்தது.

எதிரில் ஒரு கிழவர் இருந்தார், கமக்காரரைப் போல் பெரிய சிவந்த கைகள், தொப்பியை முழங்காலில் மாட்டியிருந்தார். இவர் பார்ப்பதைக் கண்டு தலையசைத்தார். "பனி," என்றார். "ஓம், பனி," என்றார் கேதாரநாதன். கிழவர், "உங்கள் மனைவியா?" என்று கதவைக் காட்டினார். "ஓம்." "எனக்கு மகள்," என்றார் கிழவர். அவ்வளவு சொன்னதே கூடிவிட்டதென்பதுபோல் தொப்பியைக் கழற்றி மற்ற முழங்காலில் மாட்டினார். மகள். ஆரணிக்கு இன்னும் சொல்லவில்லை. கொப்பன்ஹேகனில் அவள் இந்நேரம் வேலைக்குப் போயிருப்பாள். "முடிவு தெரியாமல் பிள்ளையைப் போட்டு ஏன் வருத்துவான்," என்று தயாபரி சொன்னாள், இவரும் தலையாட்டினார். இப்போது பார்த்தால் பிள்ளை இங்கே இருந்திருக்கலாம், பிள்ளை இங்கே பிறந்தவள், டொக்டர் சொல்வதை அவள் கேட்டிருப்பாள், கேட்டுச் சொல்கிற வேலை அவளுடையதாகியிருக்கும். இப்படி நினைத்ததும் வெட்கமாக இருந்தது. என்ன தகப்பன் நீ. பெற்ற பிள்ளையின் வாயில் அந்தச் சொல்லை வைக்கப் பார்க்கிறாய்.

அதுதான் விஷயம். சுற்றிச் சுற்றி வந்தாலும் அங்கேதான் வந்து இடறுகிறது. தாதி போன கிழமை கேட்டாள், மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா, தொலைபேசியில் ஒழுங்கு செய்யலாம் என்று. "வேண்டாம், நான் இருக்கிறேன்தானே," என்றார் கேதாரநாதன், கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கூடச் சொன்னார். வந்த நாளிலிருந்து தயாபரிக்கு அவர்தான் மொழிபெயர்ப்பாளர். அகதி முகாமில், நகரசபையில், ஆரணியின் பள்ளிக்கூடத்தில், பல் வைத்தியரிடம். அவள் முதியோர் இல்லத்துச் சமையலறையில் எத்தனையோ வருடம் வேலை செய்தாள், உருளைக்கிழங்கு, பாத்திரம், சூடு, கவனம் என்று அந்த அளவு டெனிஷ் அவளுக்குக் காணும் என்று அவர் நினைத்திருந்தார், அவளும் ஒரு நாளும் மறுத்துச் சொன்னதில்லை. தொலைக்காட்சியில் யாராவது பகிடி விட்டால் இவர் சொல்லுமுன்பே சில நேரம் சிரித்துவிடுவாள், அது அந்த ஆளின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. இன்றைக்கு டொக்டர் சொல்லப்போகிறா. சொல்லிவிட்டு நிறுத்துவா, இவரைப் பார்ப்பா. தயாபரியும் இவரைப் பார்ப்பாள். அந்த இடைவெளியில் அந்தச் சொல் இவரிடம் மட்டும் இருக்கும், இவர் வாயைத் திறந்தால்தான் அது தயாபரிக்கு நடக்கும். திறக்கும்வரை அவளுக்கு ஒன்றுமில்லை. ஒரு மனிதன் தன் மனைவிக்கு இப்படியொரு வேலையைச் செய்யலாமா? என்ன சொல்லில் சொல்வது? டெனிஷில் கிரெஃப்ட், அது நண்டு ஓட்டை உடைக்கிற மாதிரியான சத்தம். புற்று என்றால் பாம்புப் புற்றுத்தான் நினைவு வரும். கான்சர் என்றால் ஊரில் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள், பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாதென்று, கேட்டால் பெண் பிள்ளைக்குக் கல்யாணம் பேச வரமாட்டார்கள் என்று. கட்டி என்று சொல்லலாம். கட்டி நல்ல சொல், அதற்குள் எதையும் ஒளித்து வைக்கலாம், பனங்கட்டியும் கட்டிதான். "சின்னக் கட்டியாம், எடுத்துவிட்டால் சரியாம்." அப்படிச் சொல்லலாம். டொக்டருக்குத் தமிழ் தெரியாது. தயாபரிக்கு டெனிஷ் தெரியாது. நடுவில் இவர் என்ன சொன்னாலும் அதுதான் நடந்தது.

வெஸ்டர்பி அதைத்தான் செய்தார். கேதாரநாதன் கண்ணை மூடிக்கொண்டார், இனி அந்தப் பக்கத்தைப் புரட்ட முடியாது. தொழிற்சாலையின் ஐம்பதாவது ஆண்டுக்கு ஊர்ப் பள்ளிக்கூடத்து அதிபர் எழுதிய சரித்திரப் புத்தகம் அது, எல்லா வேலைக்காரருக்கும் ஒரு பிரதி கொடுத்திருந்தார்கள், மிஞ்சிய பிரதி பிறகு வந்த இவருக்கும் கிடைத்தது. இந்த நாட்டில் அவர் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்த முதல் புத்தகம். சோறு சாப்பிட்ட பிறகு குசினி மேசையில் அகராதியை வைத்துக்கொண்டு படித்தார், சரித்திர ஆசிரியருக்கு அரசரும் போரும் இல்லாத சரித்திரம் முதலில் சப்பென்று இருந்தது, பிறகு பிடித்துக்கொண்டது. சயாமிலிருந்து தேக்கு வந்து இறங்கியது, ஆள்காட்டிக் குருவியின் பெயரைக் கதிரைக்கு வைத்தது, எல்லாம் வாசித்துக்கொண்டு போக ஓரிடத்தில் இப்படி இருந்தது. 'அந்த ஆண்டு அவருடைய மனைவி இங்கெர் காலமானார். அதே ஆண்டில் அமெரிக்காவுக்கு ஏற்றுமதி தொடங்கியது.' அவ்வளவுதான். அடுத்த வசனம் கப்பலில் எப்படி அடுக்கினார்கள் என்பதைப் பற்றி. இவர் திரும்பப் படித்தார், பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், இடையில் ஒரு வரி அச்சில் விடுபட்டிருக்கும் என்றுகூட நினைத்து மொழி வகுப்பு ஆசிரியையிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவள் சிரித்தாள். "ஒன்றும் விடுபடவில்லை, யூலாந்துக்காரர்கள் இப்படித்தான்," என்றாள். வகுப்பில் மற்றவர்களும் சிரித்தார்கள். இவருக்கு அந்த இரண்டு வசனத்துக்கும் நடுவிலிருந்த முற்றுப்புள்ளி மாதக் கணக்கில் கண்ணுக்குள் நின்றது. ஒரு பெண் அந்தப் புள்ளிக்குள் போய்விட்டாள். நாளைக்கு யாராவது கேதாரநாதனைப் பற்றி எழுதினால், ஒருவரும் எழுதப்போவதில்லை, ஆனாலும் எழுதினால், அந்த ஆண்டு அவருடைய மனைவி என்று தொடங்கி... நிறுத்து. நிறுத்து என்றால் நிற்கிற சாமானா மனம்? அதே ஆண்டில் வீட்டுக் கூரை மாற்றப்பட்டது. அதே ஆண்டில் ஆரணிக்குச் சம்பளம் கூடியது.

நடுவில் என்ன இருந்தது என்று சொன்னவள் குத்ரூன்தான். கதிரைக்கு மெத்தை தைக்கிறவள், இங்கெர் இருந்த காலத்திலேயே குமரியாக வேலைக்கு வந்தவள், இவர் சேர்ந்தபோது ஓய்வுக்குக் கிட்டிய வயது. கோப்பி நேரத்தில் இவர் அந்த வசனத்தைப் பற்றிக் கேட்டதும் நூலைப் பல்லால் கடித்துவிட்டு, "அந்த அதிபருக்கு என்ன தெரியும்," என்றாள். அந்தக் காலத்தில் டொக்டர்கள் நோயாளியிடம் சொல்லமாட்டார்கள், புருஷனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வார்கள். இங்கெருக்கும் நெஞ்சில்தான். வெட்டிப் பார்த்து, மூடிவிட்டு, வெஸ்டர்பியை டொக்டர் நடைவழிக்கு அழைத்துச் சொன்னார். வெஸ்டர்பி வீட்டுக்கு வந்து மனைவியிடம், "எல்லாம் எடுத்தாயிற்றாம், கோடைக்குள் சுகமாகிவிடுமாம்," என்றார். வாழ்க்கையில் அவர் பேசிய மிக நீண்ட பேச்சு அதுவாகத்தான் இருக்கும். அந்தக் கோடை முழுவதும் அவர் பட்டறையிலேயே கிடந்தார், வீட்டுக்குள் இருந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடுமென்று. அவளுக்குக் கை வீங்கியது, சாதாரணக் கதிரையில் கை வைக்க முடியவில்லை, அவளுக்கென்று ஆள்காட்டியின் ஒரு பக்கக் கையைத் தாழ்த்தி ஒன்று செய்துகொடுத்தார். "அதில் இருந்துகொண்டுதான் இங்கெர் எனக்குச் சொன்னாள்," என்றாள் குத்ரூன். "தனக்கு முதல் நாளே தெரியுமாம். அவர் முகத்தைக் கண்டதுமே தெரிந்துவிட்டதாம். ஆனால், எனக்குத் தெரியுமென்று எய்னருக்குத் தெரியக்கூடாது, தாங்கமாட்டார், என்றாள்." குத்ரூன் கோப்பியைக் குடித்து முடித்தாள். "இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே மேசையில், கடைசிவரை தனித்தனியாக இருந்தார்கள். அதைத்தான் அந்த மடையன் எழுதாமல் விட்டான்."

ஒரே வீட்டில் தனித்தனியாக. கேதாரநாதன் கண்ணைத் திறந்தார். கிழவர் அதே இடத்தில், தொப்பி அதே முழங்காலில். கதவு அதே கதவு. ஆள்காட்டி என்று ஏன் வைத்தார்கள் என்பதற்குப் புத்தகத்தில், கைநுனி அந்தக் குருவியின் கொண்டைபோல் இருப்பதால் என்று காரணம் எழுதியிருந்தது. இங்கத்தை ஆள்காட்டிக்குக் கொண்டை உண்டு, ஊர் ஆள்காட்டிக்கு இல்லை, ஆனால் கத்துகிறது ஒரே கத்துத்தான். சண்டைக் காலத்தில் விடியற்புறம் உரும்பிராய்த் தோட்டவெளியில் ஆள்காட்டி கத்தினால் சனம் பாயிலிருந்து எழும்பி உட்கார்ந்துவிடும். யாரோ நடக்கிறார்கள், சப்பாத்துக்கால், எந்தப் பக்கத்தால் வருகிறார்கள். ஒரு விடியல் தயாபரி, அப்போது கல்யாணமாகி முதல் வருடம், அவர் வாயைத் தன் கையால் பொத்தினாள், அவருக்கு இருமல். அந்தக் கை மாவும் புகையும் மணத்தது. இவருக்கு வெளியே என்ன நடக்கிறதென்று கேட்கவேண்டும்போல் இருந்தது, அவளோ இவர் காதுக்குள், "மூச்சை மெதுவா விடுங்கோ, மெதுவா," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் பயப்படவில்லையா? கேட்டதே இல்லை. அவள் பயந்தவள், தான் பாதுகாத்துக் கூட்டிவந்தவர் என்றுதான் இவர் எல்லோருக்கும் அந்தக் கதையைச் சொல்லிவந்திருக்கிறார், சொல்லிச் சொல்லி அதுவே நடந்ததாகிவிட்டது. அன்றைக்கு யாருடைய கை யாருடைய வாயில் இருந்தது? கோட்டை இறுக்கிப் பிடித்தார். தண்ணீர் மூலையில் இருந்தது, எழுந்துபோனால் அந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டுவிட்டால்?

உள்ளது உள்ளபடி சொல்வது. அப்படியே சொல்லிவிடுவது. தயா, இப்பிடியாம் என்று தொடங்கவேண்டும். இல்லை, முதலில் கையைப் பிடிக்கவேண்டும், கையைப் பிடித்தால் உடனே விளங்கிவிடும், ஆகவே பிடிக்கக்கூடாது. குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளவேண்டும். "நீர் பயப்பிடாதையும்," என்று முதல் சொன்னால் அதைவிடப் பயங்கரமான சொல் கிடையாது. மா வாங்குகிற குரலில் சொல்லவேண்டும், ஆனால் மா வாங்குகிற குரல் அவளிடம்தான் இருக்கிறது. அல்லது சின்னக் கட்டி. இன்றைக்குச் சின்னக் கட்டி, நாளைக்கு ஆரணி வந்த பிறகு மிச்சம். இது பொய்யல்ல, தவணை. வெஸ்டர்பியும் தவணை என்றுதான் நினைத்திருப்பார், கோடை போகட்டும், அறுவடை போகட்டும், கப்பல் போகட்டும் என்று. ஒருவேளை ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். எத்தனையோ பேருக்கு ஒன்றுமில்லை. கொழுப்புக் கட்டி என்று ஒன்று இருக்கிறது, தொழிற்சாலையில் ஒருவனுக்கு முதுகில் இருந்தது, அவன் அதைத் தடவிக்காட்டிப் பெருமைகூடப் பட்டான். ஒன்றுமில்லையென்றால் என்ன குரலில் சொல்வது என்பதை இவர் யோசிக்கவேயில்லை என்பது இப்போதுதான் தட்டுப்பட்டது. அது சகுனம் மாதிரி இருந்தது. உடனே அதற்கும் ஒரு குரல் தேடினார், கிடைக்கவில்லை.

"கேதா-ர-நாத்தான்?" கதவு திறந்திருந்தது, எப்போது திறந்தது என்று தெரியவில்லை. தாதி இப்போது சிரிக்கவில்லை, அல்லது வேறு மாதிரிச் சிரித்தாள். அவர் எழுந்தார். கிழவர் தொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "நல்லதாகட்டும்," என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

சின்ன அறை. தயாபரி ஏற்கெனவே மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தாள், தலை கலைந்திருந்தது, சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போடப்பட்டிருந்தது, அதைச் சரிசெய்யவேண்டும்போல் இவருடைய கை துடித்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தார். டொக்டர் இளம் பெண், ஆரணியின் வயதிருக்கும், மூக்குத்தண்டில் கண்ணாடி அழுத்திய தடம். தாதி சுவரோரம் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு இருந்தாள். தாதி ஏன் போகவில்லை? டொக்டர் கைகளைக் கோத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தா, "டெஸ்வியா," என்று தொடங்கினா. துரதிர்ஷ்டவசமாக. நகரசபைக் கடிதங்களில் இந்தச் சொல்லைக் கண்டால் மிச்சத்தைப் படிக்கவே தேவையில்லை. அதற்குப் பிறகு டொக்டரின் வாய் அசைந்தது. சத்தமும் வந்தது. ஆனால் அது டெனிஷ் இல்லை, எந்தப் பாஷையும் இல்லை, வந்திறங்கிய முதல் நாள் விமான நிலையத்தில் கேட்ட ஒலிபோல, தொண்டைக்குள் உருளுகிற கல். கேதாரநாதன் அதற்குள் ஒரு சொல்லையாவது பிடிக்கப் பார்த்தார். கையில் ஒன்றும் நிற்கவில்லை. டொக்டர் நிறுத்தினா. இவரைப் பார்த்தா. தாதியும் பார்த்தாள். தயாபரியும் திரும்பிப் பார்த்தாள். அவர் வாயைத் திறந்தார். உள்ளே டெனிஷும் இல்லை, தமிழும் இல்லை. சின்னக் கட்டிகூட வரவில்லை.

யாரோ டெனிஷில் பேசினார்கள். உருளைக்கிழங்கும் பாத்திரமும் சூடும் கவனமும் கலந்த டெனிஷ், ஓரம் தேய்க்கப்படாதது, ஆனால் உறுதியானது. "இன்னொருக்கால் சொல்லுங்கள். மெதுவாக. எனக்குச் சொல்லுங்கள்." அது தயாபரி. டொக்டர் தன் கதிரையைக் கொஞ்சம் திருப்பி அவளுக்கு நேரே வைத்துக்கொண்டா, மெதுவாகச் சொன்னா, ஒரு தாளில் வட்டம் கீறிக் காட்டினா. தயாபரி அந்த வட்டத்தில் விரலை வைத்து ஏதோ கேட்டாள். டொக்டர் தலையசைத்தா, கக்கத்தைத் தொட்டுக் காட்டினா, தயாபரியும் தன் கக்கத்தைத் தொட்டுக் காட்டினாள். இல்லை என்றா டொக்டர். தயாபரி திரும்பவும் கேட்டாள், முதலில் கேட்டதையேதான் கேட்டாள்போலும், டொக்டர் திரும்பவும் பொறுமையாக இல்லை என்றா. இரண்டு பெண்கள் வேலிக்கு அங்கிட்டும் இங்கிட்டும் நின்று கதைப்பதுபோல் இருந்தது. இவர் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு, பெரியவர்கள் கதைத்து முடியட்டும் என்று காத்திருக்கிற பிள்ளையைப்போல் இருந்தார்.

பிறகு அவள் இவர் பக்கம் திரும்பினாள். முகம் வெளிறித்தான் இருந்தது, கண் கலங்கவில்லை. கையை அவர் முழங்காலில் வைத்தாள்.

"இஞ்சேருங்கோ. கான்சர்தானாம்."

குரலைத் தாழ்த்தவில்லை. சாதாரணமாகச் சொன்னாள்.

"ஆனால் பரவேல்லையாம்."

"பரவாயில்லையாமோ?" என்றார் கேதாரநாதன். குரல் எங்கிருந்தோ வந்துவிட்டது. "அப்பிடியெண்டால் ஒண்டுமில்லையோ?"

"ஐயோ, பரவாயில்லை எண்டு நான் சொல்லேல்லை. பரவேல்லை. மற்ற இடத்துக்குப் பரவேல்லையாம். அதைப் பாக்கத்தான் இண்டைக்குத் திரும்பப் படம் எடுத்தவை. வெட்டவேணுமாம், பிறகு கொஞ்ச நாளைக்குக் கதிர் பிடிக்கவேணுமாம். சுகப்படுத்தலாம் எண்டுதான் சொல்லுறா. நான் ரெண்டுதரம் கேட்டுப்போட்டன், ரெண்டுதரமும் அதையேதான் சொன்னவ." அவள் நிறுத்தி மூச்சு விட்டாள். "எனக்கும் பயமாத்தான் கிடக்கு. நீங்களும் பயப்பிடுங்கோ, பரவாயில்லை. விளங்கினதோ நான் சொன்னது?"

அவர் தலையாட்டினார்.

"எனக்குத் தலையாட்டிக் காணாது. அவ உங்களைத்தான் பாத்துக்கொண்டு இருக்கிறா, பாவம். விளங்கினது எண்டு அவவுக்குச் சொல்லுங்கோ."

கேதாரநாதன் டொக்டரின் பக்கம் திரும்பினார். டெனிஷில் ஓம் என்கிற ஒரு சொல் மட்டும் அவரிடம் திரும்பி வந்திருந்தது. "யா," என்றார்.